கிக்கரை எடுக்காதே

பிப்ரவரியில் வின்னபேகோ ஏரி உறைந்து கிடக்கும்போது பனிக்கட்டிமேல் நிறுத்திய எங்கள் மீன்பிடிக் குடிலுக்குள் இருக்கும் வெளிச்சமெல்லாம் கீழேயிருந்துதான் வரும். சன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் கும்மிருட்டு. நடுவில், பனிக்கட்டியைக் கதவளவுக்கு அறுத்தெடுத்த துளை. அதில் பச்சைத் தண்ணீர் தானே எரிவதுபோல ஒளிர்ந்துகொண்டிருக்கும். அடியில் போட்டு வைத்திருக்கும் வெள்ளைத் தட்டுகளின் மேல் ஸ்டர்ஜன் மீன் கடந்தால் ஈட்டியை இறக்க வேண்டும். ஆள் நீளத்துக்கு வளர்கிற மீன். வருஷக்கணக்கில் உட்கார்ந்தும் அதன் வாலைக்கூடப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் நாம் விழித்திருக்கிறோமா என்பதே சந்தேகமாகிவிடும். அதனால் பேசிக்கொண்டே இருப்போம். எங்களுக்குப் பேச இருந்தது ஒரே விஷயம், எங்கள் ஃபுட்பால் டீம். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

மூன்று பேர். என் தங்கை டோரீனின் கணவர் ஹார்லன் டிட்மர், ஏரிக்கரையில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். துவா லீ, எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற நான், வெண்டல். ஆட்டம் நடக்கும் மாதங்களைவிட, ஆட்டமே இல்லாத மாதங்களில்தான் நாங்கள் அதிகம் ஆடுவோம். யாரைக் கழற்றிவிடுவார்கள், யாரை வாங்குவார்கள், ஏப்ரல் டிராஃப்டில் யாரை எடுப்பார்கள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை டீம்கள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும், ஏழு சுற்று. அந்த ஏழு சுற்றையும் பிப்ரவரியிலிருந்தே நாங்கள் நடத்த ஆரம்பித்துவிடுவோம்.

"அந்த ஓஹியோ பையனைத்தான் முதல் சுத்துல எடுக்கணும்" என்றார் துவா. "கையைப் பாத்தியா? முழங்காலைத் தொடுது."

"கை நீளமா இருந்து என்னய்யா பண்றது? குனியவே மாட்டேங்கறான். இடுப்புல துரு பிடிச்சிருக்கு" என்றார் ஹார்லன்.

"உனக்கு எல்லாமே இன்ஜின்தான்."

"ஆமா. இடுப்புதான் இன்ஜின். கை வெறும் புரொப்பல்லர்."

"சரி, கிக்கருக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன்.

 ஜனவரியில் கடைசி ஆட்டத்தின் கடைசி நொடியில் பந்தை உதைப்பதற்காக மட்டும் களமிறங்கும் எங்கள் கிக்கர் மேடிகன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போயிருந்தால் நாங்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்திருப்போம். அந்த 'டொங்' சத்தம் அதற்குப் பிறகு பல நாள் எனக்குக் கனவில் கேட்டது.

"யாரையாவது வாங்கிக்கட்டும்" என்றார் ஹார்லன். "ஆனா டிராஃப்ட்ல கிக்கரை எடுக்காதே. எடுக்கிறவன் மடையன். அது விதைநெல்லை வறுத்துத் தின்கிற மாதிரி."

முப்பது வருஷமாக அவர் சொல்லிவருவதுதான். எங்கள் இளவயதில் டீம் ஒரு கிக்கரை மூன்றாம் சுற்றில் எடுத்து, அவன் இரண்டு வருஷத்தில் காணாமல் போனான். அந்த மூன்றாம் சுற்றை ஹார்லன் இன்னும் மன்னிக்கவில்லை.

துவா மெதுவாகக் கேட்டார். "அப்ப நோலன்?"

நோலன் ஹார்லனின் மகன். பக்கத்து மாநிலத்துக் கல்லூரியில் கிக்கர். நவம்பரில், கொட்டும் பனியில், ஐம்பத்தேழு கஜத்திலிருந்து அவன் உதைத்த பந்தை நாடே டிவியில் பார்த்தது. ஆறாம் சுற்றிலோ ஏழாம் சுற்றிலோ யாராவது எடுக்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரே ஆசை, நம்ம பையனை நம்ம டீம் எடுக்கணும்.

ஹார்லன் தலையைத் தூக்கி துவாவைப் பார்த்தார். துவாவும் அவரையே பார்த்தார். அந்த நேரத்தில்தான் அது வந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தெரிந்தன. முதுகில் முள்வரிசை, சாம்பல் நிறம், அவசரமே இல்லாத வால். ஈட்டி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வாயைத் திறக்கவும் தோன்றவில்லை எனக்கு. அது போய்விட்டது.

"நோலனையும் எடுக்கக் கூடாது" என்றார் ஹார்லன்.

மார்ச்சில் மேடிகனைக் கழற்றிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடினவரை ஒரு வரிச் செய்தியில் முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஹார்லனின் பட்டறையில் காலையும் மாலையும் சண்டை. டெக்சாஸ்கார கிக்கர் ஒருவனை வாங்கலாம் என்பது துவாவின் கட்சி. அவனுக்கு வயசாகிவிட்டது, குளிரில் முட்டி பிடித்துக்கொள்ளும் என்பது என் கட்சி.

ஒருநாள் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கம்பளித் தொப்பி, ஒல்லியான ஆள். பின்னால் வண்டியில் ஒரு படகு கட்டியிருந்தது.

"டெக்சாஸ்காரனுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "முதுகுதான் போச்சு. வெளியே சொல்ல மாட்டான்."

மேடிகன்.

துவா உட்கார்ந்திருந்த பெயிண்ட் டப்பாவிலிருந்து எழுந்துவிட்டார்.  மேடிகன் மட்டும் சாதாரணமாக, படகை விற்கப் போவதாகவும் இன்ஜினை ஒருதடவை பார்த்துத் தரவேண்டும் என்றும் சொன்னார். பிறகு ஹார்லனை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேன். ஏரிக்கரை ஹார்லன் நீங்கதானா?"

ஹார்லனின் காது சிவந்தது. வாரம் தவறாமல் ரேடியோ நிகழ்ச்சிக்குப் பட்டறையிலிருந்தே ஃபோன் போடுவார் அவர். ரசிகர்கள் டீமைத் திட்டுவதற்கென்றே நடக்கிற நிகழ்ச்சி. 'ஏரிக்கரை ஹார்லன்' என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும். ஜனவரியில், கம்பத்தில் பட்ட மறுநாள், "அந்தாளுக்குக் கடவுள் காலுக்குப் பதிலா துடுப்பை வெச்சு அனுப்பிட்டாரு" என்றார். ஊரே ஒரு வாரம் சிரித்தது. துடுப்புக்கால் என்பது பட்டப்பெயராகவே ஆகிவிட்டது.

"நான்தான்" என்றார் ஹார்லன்.

"நல்லா இருந்துச்சு அது" என்றார் மேடிகன். நிஜமாகவே சிரித்தார். "என் பொண்ணு ஸ்கூல்லேருந்து கேட்டுட்டு வந்தா. துடுப்புன்னா என்னப்பா, எனக்கும் அப்படித்தான் இருக்குமான்னு காலை நீட்டிக் காட்டினா. ரெண்டாவது படிக்கிறா."

படகின் மூக்கிலிருந்து உருகின பனி சொட்டிக்கொண்டிருந்தது. 

"தப்புங்க" என்றார் ஹார்லன்.

"அட, விடுங்க. நானே பத்துத் தடவை பாத்துட்டேன், நல்லாவே உதைக்கலை அன்னிக்கு." மேடிகன் துவா விட்டுப்போன டப்பாவில் உட்கார்ந்துகொண்டார். தன் இடத்துக்கு யாரை எடுக்கலாம் என்று அரைமணி நேரம் எங்களோடு வாதாடினார். அவ்வளவு நியாயமாக அந்தப் பட்டறையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கிளம்பும்போது சொன்னார், "உங்க பையன் ஒருத்தன் உதைக்கிறானே, பாத்தேன். கால் சுத்தமா வருது. அவனை எடுக்கச் சொல்லிக் கேளுங்க."

அதற்கடுத்த வாரம் ரேடியோவில் கேட்டேவிட்டார்கள். நான் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏரிக்கரை அண்ணே! ஊரே உங்க வாயைத்தான் பாத்துட்டிருக்கு. நோலனை எடுக்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

"அண்ணே, சொந்தப் பையன்!"

"யார் பையனா இருந்தா என்ன? எதிர்க்காத்துல அவன் பந்து வலதுபக்கம் சாயுது. நம்ம ஊர்ல அக்டோபருக்கு மேல எதிர்க்காத்துதான். எடுக்காதீங்க. ஏழாவது சுத்துலகூட எடுக்காதீங்க."

அந்தப் பேச்சைத் துண்டாக வெட்டி ஃபோனில் எங்கெங்கோ அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் கலிஃபோர்னியாக்காரன்கூடச் சிரித்தான். டோரீன் சமையலறையில் ரேடியோவை அணைத்துவிட்டு, ஹார்லனின் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நின்ற மீன்பிடிக் குடிலுக்குள் வைத்துவிட்டாள். பனிக்காலம் முடிந்து அதை ஏரியிலிருந்து இழுத்துவந்து புல்லில் நிறுத்தியிருந்தோம்.

"அண்ணா, நீங்க நடுவுல வராதீங்க" என்றாள் என்னிடம். "டீமுக்கு விசுவாசமா இருக்கட்டும். டீமே வந்து அவருக்கு முட்டை பொரிச்சுப் போடட்டும்."

மறுநாள் காலையில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஹார்லன் பலகையில் குப்புறப் படுத்து, தரைத் துளை வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். துளையில் இப்போது புல். வெயில் பலகை இடுக்குகளில் நுழைந்து புல் நுனிகளை ஒளிர வைத்திருந்தது.

"மச்சான்" என்றார், தலையைத் திருப்பாமல். "தூக்கமே இல்லை. இந்தப் புல்லுக்கு அடியில ஏதோ போயிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு."

"மாப்ளே, ஒரு வார்த்தை 'எடுக்கலாம்'னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

காப்பியை வாங்கிக்கொண்டார். மறுபடி புல்லையே பார்த்தார்.

ஈஸ்டருக்கு நோலன் வந்தான். வந்தவன் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, "மாமா, பந்து பிடிக்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டான். அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் தானாகவே வந்து வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அவன் பத்து வயதில் உதைக்க ஆரம்பித்ததிலிருந்து, கம்பங்களுக்குப் பின்னால் நின்று பந்தை எடுத்துப் போடுகிறவர் அவர்தான்.

பள்ளிக்கூட மைதானத்தை மூடுபனி மூடியிருந்தது. ஏரியிலிருந்து எழுந்து, தெருவெல்லாம் நடந்து வந்து, அங்கே படுத்துக்கொண்ட மாதிரி. கம்பங்கள் தெரியவில்லை. ஹார்லன் நடந்து நடந்து அதற்குள் கரைந்துபோனார். நான் ஈரப் புல்லில் மண்டியிட்டுப் பந்தை ஒரு விரலால் நிமிர்த்திப் பிடித்தேன். நோலன் பின்னால் போய், ஓடிவந்து உதைத்தான். பந்து வெள்ளைக்குள் போயிற்று. அதன் பிறகு உலகமே இல்லை. ஒரு மூச்சு நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"உள்ளே!"

கொஞ்சம் பொறுத்து, பந்து புல்லில் உருண்டு எங்களிடம் வந்தது.

இப்படியே எத்தனையோ. "உள்ளே!" "உள்ளே!" "வெளியே, வலதுபக்கம்!" நோலன் ஒன்றையும் சந்தேகப்படவில்லை. "அப்பா உள்ளேன்னா உள்ளேதான் மாமா. சின்ன வயசுல ஒருதடவைகூடப் பொய் சொல்லிக் குஷிப்படுத்தினதில்லை. அழுதிருக்கேன்" என்றான். பிறகு, உதைக்கப் போனவன் உதைக்காமல் நின்று, பனியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அப்பா! ஏன் அப்படிச் சொன்னீங்க?"

 நான் விரலை எடுக்காமல் நடுவில் மண்டியிட்டிருந்தேன்.

"காத்துல சாயுதுடா!"

"அது எனக்கும் தெரியும். வேற என்ன?"

 எங்கோ ஒரு வாத்துக்கூட்டம் கத்திக்கொண்டு போனது, மேலேயா பக்கத்திலேயா தெரியவில்லை.

"வேற ஊர்ல தப்பா உதைச்சா, யாரோ திட்டுவான்" என்று குரல் வந்தது. முகம் தெரியாததால்தானோ என்னவோ, அது ஹார்லனின் குரல் மாதிரியே இல்லை. "இங்க உதைச்சா நாங்கதானே திட்டுவோம்! நாங்க எப்படித் திட்டுவோம்னு எனக்குத் தெரியும்டா! மேடிகன் பொண்ணு என்ன கேட்டான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அம்மா சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"நீங்களும் திட்டுவீங்களா?"

"இந்த வாய் என்னைக் கேட்டுட்டா பேசுது?" என்றார் ஹார்லன். 

நோலன் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான். "எனக்கு இங்க ஆடணும்பா. பத்து வயசுலேருந்து வேற ஒண்ணும் நினைச்சதில்லை. திட்டுனா திட்டுங்க. திட்டு வாங்கறதுக்கும் ஒரு ஊர் வேணும்ல?"

 நோலன் உதைத்தான். பந்து போனது. நாங்கள் காத்திருந்தோம். 'உள்ளே' என்றும் வரவில்லை, 'வெளியே' என்றும் வரவில்லை. கடைசியில் ஹார்லனே பனியிலிருந்து வெளியே நடந்து வந்தார். பந்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார்.

"பாக்கலை" என்றார். "இன்னொண்ணு உதை."

டிராஃப்டின் கடைசி நாள் சனிக்கிழமை. ஏரியில் ஒரு பொட்டுப் பனியில்லை. பட்டறைக் கதவை முழுசாகத் திறந்துவைத்து, கழற்றிப் போட்ட இன்ஜின்களுக்கு நடுவே டிவியை வைத்தோம். வெளியே துவா தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். பாதித் தெரு வந்திருந்தது. டோரீன் அதற்குள் கணவரை வீட்டுக்குள் விட்டுவிட்டாள், பேச்சு மட்டும் "சாப்பாடு இருக்கு" என்ற அளவில் நின்றிருந்தது.

நாலாம் சுற்று, ஐந்தாம் சுற்று. எங்கள் டீம் ஒரு ஓட்டக்காரனை எடுத்தது, துவாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் சுற்றில் வேறு டீம் ஒன்று ஒரு கிக்கரை எடுத்தபோது யாரும் நோலனைப் பார்க்கவில்லை. ஏழாம் சுற்று தொடங்கியதும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கூட்டமும் கலைந்தது. வெயில் சாய்ந்து தண்ணீரின் ஒளி பட்டறைக் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பாதித் தூக்கம். டிவியில் யார் யாரோ பெயர்கள், கேட்டதேயில்லாத கல்லூரிகள்.

திடீரென்று துவா எழுந்தார். அவருடைய செல்ஃபோனுக்கு எப்போதும் டிவிக்குக் கொஞ்சம் முன்னாலேயே செய்தி வந்துவிடும்.

"நம்ம டீம்! கிக்கரை எடுத்திருக்காங்களாம்!"

ஹார்லன் கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, பாய்ந்து எழுந்தார். "மடையனுங்க! சொன்னேன்ல! கிக்கரை எடுக்காதேன்னு முப்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். எந்தக் கழுதையை எடுத்துத் தொலைச்சானுங்க?"

 எல்லோரும் திறந்த கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். படகுத்துறையின் கோடியில் நோலன் முதுகைக் காட்டி நின்றான். ஃபோன் காதில் இருந்தது. வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தான். அப்போதுதான் டிவி அந்தப் பெயரைச் சொன்னது.

டோரீன் முதலில் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க நிற்க முடியாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். "கழுதையாம்!" என்றாள் மூச்சுக்கு நடுவே. "கழுதையோட அப்பா, போங்க, போய்ப் பாருங்க!"

ஹார்லன் படகுத்துறையில் நடந்து போனதைப் பார்த்தேன். பலகைக்குப் பலகை கால் வைத்துப் பார்த்து, பனிக்கட்டிமேல் நடக்கிறவர் மாதிரி. பக்கத்தில் போய் நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பிற்பாடு நோலன்தான் சொன்னான்: "'ஏழாவது சுத்தா இருந்தாலும் தண்டம்தான்டா'ன்னார் மாமா. சொல்லிட்டு என் கையை விடவேயில்லை."

செப்டம்பரில் அவன் உதைத்ததெல்லாம் உள்ளே போயிற்று. அக்டோபரில், நசநசவென்று மழை பெய்த ஒரு மதியம், கடைசியில் ஜெயிக்க வேண்டிய பந்து எதிர்க்காற்றில் போய், வலதுபக்கம் சாய்ந்து, வெளியே விழுந்தது. தோற்றோம். எண்பதாயிரம் பேர் ஒரே குரலில் முனகினார்கள். பக்கத்து இருக்கையில் ஹார்லனைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன், "யாருடா இவனை டிராஃப்ட்ல எடுத்தது?" என்று கத்தினான்.

ஹார்லன் திரும்பினார். சண்டைக்குத்தான் என்று நினைத்து டோரீன் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார் ஹார்லன் அவனிடம். "ஆனா காத்தைப் பாத்தியா நீ? கொடி எந்தப் பக்கம் நிக்குது, சொல்லு. பாக்காம பேசக் கூடாது. உட்காரு, சொல்றேன்." கூட்டம் வெளியேறும்வரை மழையில் நின்று அவனுக்குக் காற்றைப் பற்றி விளக்கினார். அவனும் கேட்டான். போகும்போது கையைக்கூடக் குலுக்கினான்.

அன்று நோலன் எங்களோடு வீட்டுக்கு வந்தான். ஹார்லன் வண்டி ஓட்ட, டோரீன் முன்னால். நானும் நோலனும் பின்னால். யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மழை நின்று வெளியே எல்லாம் நீலமாக மங்கிக்கொண்டு வந்தது. நகரம் தாண்டியதும் நோலன் தூங்கிப்போனான். அந்தப் பெரிய உடம்பு என் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் இன்னும் புல் ஒட்டியிருந்தது.

எங்கள் தெருத் திருப்பம் வந்தது. ஹார்லன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வண்டியைத் திருப்பவில்லை.

"ஏங்க, நம்ம திருப்பம்" என்றாள் டோரீன்.

"தூங்கட்டும்" என்றார்.

அவள் சூடேற்றியை ஒரு படி கூட்டிவைத்தாள். வண்டி மெதுவாக ஏரியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.